ஸ்டேஷன் பேருக்குள்ள ஒரு கதை: வண்ணாரப்பேட்டையில இருந்து விம்கோ நகர் வரைக்கும்

இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். டி.நகர்ல இருக்கிற அந்த ‘டி’ யாரு?

‘தியாகராயர்’னு பாதிப் பேராவது சொல்லியிருப்பீங்க. சரி, அந்தத் தியாகராயர் எந்த ஏரியாக்காரர்? இங்கதான் நிறைய பேர் மாட்டிக்குவாங்க. பாண்டி பஜார் பக்கத்துல எங்கயோ பங்களா வெச்சிருந்திருப்பார்னு ஒரு நினைப்பு. மனுஷன் வடசென்னைக்காரர். தறி போட்டதும், ஸ்கூல் ஆரம்பிச்சதும் நம்ம வண்ணாரப்பேட்டை சுத்துவட்டாரத்துல. அவர் பேர்ல ஒரு மெட்ரோ ஸ்டேஷன் இருக்கு, சர் தியாகராயா கல்லூரின்னு. டி.நகர்ல தீபாவளி ஷாப்பிங் பண்றவங்க யாரும் அந்த ஸ்டேஷன்ல இறங்கறதில்ல, அவ்வளவுதான்.

2021 பிப்ரவரியில மெட்ரோ வண்ணாரப்பேட்டையில இருந்து விம்கோ நகர் வரைக்கும் நீண்டுச்சு. அந்த லைன்ல உக்காந்து அறிவிப்பு கேட்டுக்கிட்டே போனா ஒரு விஷயம் புரியும். ஊர்ல பாதித் தெருவுக்கு கவர்னர் பேர், ராஜா பேர், தலைவர் பேர். இந்த லைன்ல மட்டும் வெளுத்தவங்க, நெஞ்சவங்க, தீக்குச்சி செஞ்சவங்க எல்லாரும் பேருக்குள்ள ஒளிஞ்சிருக்காங்க. ஒவ்வொரு பேருக்குப் பின்னாடியும் இன்னைக்கு உங்களுக்கும் எனக்கும் உதவற ஒரு சட்டமோ, ஒரு உடம்பு சமாச்சாரமோ இருக்கு. அதைத்தான் இந்த எபிசோட்ல பேசப் போறேன்.

முதல்ல வண்ணாரப்பேட்டை.

1639-ல கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கடற்கரையில இடம் பிடிச்சதுக்கு முக்கியக் காரணம் துணி. தங்கமும் இல்ல, மிளகும் இல்ல. தறியில இருந்து இறங்கின துணி பார்க்க நல்லா இருக்காது. பழுப்பா, பசையோட, விறைப்பா இருக்கும். அதை வெளுத்தாதான் நல்ல விலை. அதனால நெசவாளிங்களோட சேர்த்து வெளுக்கிறவங்களையும் கம்பெனி குடியேத்துச்சு. தண்ணி வேணும், துணியை விரிச்சுக் காயப்போட வெட்டவெளி வேணும். அது ரெண்டும் ஊருக்கு வடக்கே இருந்துச்சு. அப்படி வந்த பேர்தான் இது. லண்டன்ல ஒருத்தர் வெள்ளைச் சட்டை போட்டு நின்னா, அந்த வெள்ளையில இந்த ஊர் வெயிலும் கொஞ்சம் கலந்திருக்கும்.

வெள்ளாவின்னு கேள்விப்பட்டிருப்பீங்க. உவர் மண் கரைச்ச தண்ணியில துணியை முக்கி, பானைக்கு மேல அடுக்கி, ராத்திரி பூரா ஆவியில வேகவைக்கிறது. உவர் மண்ல காரம் இருக்கு. அந்தக் காரம் துணியில ஒட்டியிருக்கிற எண்ணெய்ப் பிசுக்கோட சேர்ந்து சோப்பு மாதிரி ஆயிடும். கடையில சோப்பு வாங்காமலே துணிக்குள்ளயே சோப்பு செய்யற வித்தை. கூடவே அந்தச் சூட்டுல பேனும் கிருமியும் காலி.

இன்னொண்ணு, வெள்ளைத் துணிக்கு ஏன் நீலம் போடறோம்? வெள்ளைத் துணி பழசானா மஞ்சள் அடிக்கும். மஞ்சளுக்கு நேர் எதிர் நிறம் நீலம். லேசா நீலம் ஏத்தினா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும், நம்ம கண்ணுக்கு வெள்ளையாத் தெரியும். நீலம் அழுக்கை எடுக்கறதே இல்ல! இப்போ டிடர்ஜென்ட் பவுடர்ல அதே வேலையைச் செய்ய வேற ரசாயனம் போடறாங்க. அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியா வெளியில விடும். டிஸ்கோ லைட்டுக்குக் கீழ உங்க வெள்ளைச் சட்டை பளபளன்னு மின்னறது அதனாலதான்.

ரயில் ஏறறதுக்கு முன்னாடி கொஞ்சம் தெற்கே நடந்துட்டு வந்துடலாம். வால்டாக்ஸ் ரோடு. சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டிப் போகுமே, அதேதான். இப்போ அதுக்கு வ.உ.சி. சாலைன்னு பேர். ஆனா ஆட்டோக்காரர்கிட்ட அப்படிச் சொன்னா ஒரு நொடி யோசிப்பார். வால்டாக்ஸ்னா என்ன? மதில் வரி.

1769-ல ஹைதர் அலியோட படை மெட்ராஸ் வாசல் வரைக்கும் வந்து கம்பெனியை ஒப்பந்தம் போட வெச்சுது. ஏற்கெனவே பிரெஞ்சுக்காரங்க ஒருதடவை ஊரைப் பிடிச்சிருந்தாங்க, இன்னொரு தடவை முற்றுகை போட்டிருந்தாங்க. அந்தப் பயத்துல கருப்பர் நகரத்தைச் சுத்தி, அதாவது இன்னைக்கு ஜார்ஜ் டவுன்னு சொல்ற இடத்தைச் சுத்தி, மதில் எழும்புச்சு. கான்ட்ராக்ட் எடுத்தவர் பால் பென்ஃபீல்டு. மதில் கட்டின செலவை உள்ள இருக்கிற ஜனங்ககிட்ட வரியா வாங்கிடலாம்னு கம்பெனி திட்டம் போட்டுச்சு. ஜனங்க ஒத்துக்கல. கடைசி வரைக்கும் அந்த வரி வசூலாகவே இல்ல. வாங்காத வரிக்கு ஒரு ரோடு! உலகத்துல இப்படி எத்தனை ரோடு இருக்கும்னு சொல்லுங்க.

அந்த மதிலோட ஒரு துண்டு இன்னமும் இருக்கு. பழைய ஜெயில் ரோடு பக்கம் மாடிப் பூங்கான்னு சொல்வாங்க, மதில் மேலயே பார்க். வடக்கு மதில் அந்த ரோட்டை ஒட்டித்தான் போச்சு. இப்போ நாம வண்ணாரப்பேட்டைன்னு சொல்ற ஏரியா மதிலுக்கு வெளியில. துணியை வெளுத்துக் கம்பெனியைப் பணக்காரனாக்கினவங்களுக்கு அந்த மதில்ல இடம் இல்ல.

சட்ட சமாச்சாரத்துக்கு வரேன். நம்ம அரசியலமைப்புல 265-ஆவது பிரிவு ரொம்பச் சின்னது. சட்டத்தோட அதிகாரம் இல்லாம எந்த வரியும் விதிக்கவும் கூடாது, வசூலிக்கவும் கூடாது. அவ்வளவுதான் மொத்தப் பிரிவும். யாராவது ரசீதைக் காட்டி ‘இது வரி, கட்டுங்க’ன்னு சொன்னா, ‘எந்தச் சட்டத்துல இருக்கு?’ன்னு கேக்கறது திமிர் இல்ல. உங்க உரிமை.

அதே பழைய ஜெயில் ரோட்டுல ஸ்டான்லி ஆஸ்பத்திரி. எங்க ஆயா கடைசி வரைக்கும் அந்தப் பேரைச் சொன்னதில்ல. ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ன்னுதான் சொல்லுவாங்க. ஸ்டான்லிங்கறது 1930-கள்ல வந்த பேர், மெட்ராஸ் கவர்னரா இருந்த ஒருத்தரோடது. கஞ்சித்தொட்டி அதைவிட ரொம்ப மூத்தது. 1780-ல ஹைதர் அலி மறுபடியும் படையெடுத்து வந்தார். வயல் எல்லாம் அழிஞ்சுது, பஞ்சம் வந்துச்சு. சுத்துப்பட்டு கிராமத்து ஜனங்க பட்டினியோட ஊருக்குள்ள வந்தாங்க. 1782-ல அவங்களுக்குக் கஞ்சி ஊத்த ஒரு இடம் ஏற்பாடாச்சு. மணியக்காரர்ங்கற சொல்லுதான் இங்கிலீஷ்காரன் வாயில திரிஞ்சு ‘மணேகார் சத்திரம்’ ஆச்சு. 1799-ல அங்கயே வைத்தியமும் சேர்ந்துச்சு. சோறு போடற இடமா ஆரம்பிச்சு ஆஸ்பத்திரியா வளர்ந்த இடம் அது.

ஏன் கஞ்சி? அரிசி குறைவு, தண்ணி ஊத்திப் பெருக்கிக்கலாம், அது ஒரு காரணம். ஆனா மருத்துவத்துல இன்னொரு காரணம் இருக்கு. பல நாள் பட்டினி கிடந்தவருக்கு எடுத்தவுடனே வயிறு முட்டச் சாப்பாடு போட்டா உயிரே போகலாம். திடீர்னு சாப்பாடு உள்ள போனதும் ரத்தத்துல இருக்கிற பாஸ்பரஸ், பொட்டாசியம் எல்லாம் சடசடன்னு இறங்கிடும். இதயம் தடுமாறும். இரண்டாம் உலகப் போர் முடிஞ்சப்போ, பட்டினியில இருந்து மீட்கப்பட்டவங்க சாப்பிட்ட பிறகு செத்துப்போனதை டாக்டருங்க பார்த்து எழுதி வெச்சாங்க. அதனால பட்டினியில இருந்து வர்றவங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஆரம்பிக்கணும். வயித்துப்போக்குக்கு உப்பு போட்ட கஞ்சித் தண்ணி குடுக்கறது வெறும் பாட்டி வைத்தியம்னு சிரிக்காதீங்க. காலராவுக்கு அரிசி மாவு சேர்த்த உப்புக் கரைசல் நல்லா வேலை செய்யுதுன்னு ஆய்வுகளே சொல்லுது.

சரி, இப்போ ரயில் ஏறலாம்.

அடுத்த ஸ்டேஷன், சர் தியாகராயா கல்லூரி. நீதிக்கட்சியை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர் பிட்டி தியாகராயர். 1920 தேர்தல்ல அவங்க கட்சி ஜெயிச்சப்போ முதல் மந்திரி பதவி அவரைத் தேடி வந்துச்சு. வேண்டாம்னுட்டார். அது பல பேருக்குத் தெரியும். அவர் சென்னை மாநகராட்சித் தலைவரா இருந்தப்போ செஞ்ச ஒரு காரியம் அதைவிடப் பெருசு. அதே 1920-ல ஆயிரம் விளக்கு மாநகராட்சி ஸ்கூல்ல பசங்களுக்கு மதிய உணவு போட மாநகராட்சி மன்றத்துல தீர்மானம் வந்துச்சு. ஒரு பையனுக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல போகக்கூடாதுங்கறது கணக்கு. 1956-ல காமராஜர், 1982-ல எம்.ஜி.ஆர்., 2022-ல காலை உணவுன்னு நாம பேசற வரிசைக்கு முன்னோடி அதுதான். 2001 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க அரசு ஸ்கூல்ல சமைச்ச சாப்பாடு போட்டே ஆகணும்னு உத்தரவு போட்டுச்சு. ஒரு அணாவுல ஆரம்பிச்சது இப்போ நாடு முழுக்கக் குழந்தைங்களோட உரிமை.

அடுத்து தண்டையார்பேட்டை. இதுக்கு ஒரு அழகான கதை சொல்வாங்க. ராமநாதபுரம் சீமையில தொண்டிப் பக்கத்துல இருந்து குணங்குடி மஸ்தான் சாகிபுங்கற சூஃபி ஞானி இங்க வந்தார். தமிழ்ல அற்புதமாப் பாடினவர். தொண்டியில இருந்து வந்ததால தொண்டியார், அவர் இருந்த இடம் தொண்டியார்பேட்டை, அதுதான் தண்டையார்பேட்டை ஆச்சுன்னு. அவர் அடங்கின தர்கா ராயபுரத்துல இருக்கு. 1838-ல காலமானார்.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 1693-லயே கம்பெனிக்கு மானியமாக் கிடைச்ச மூணு கிராமங்கள் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை. மஸ்தான் சாகிபு பிறந்தது 18-ஆம் நூற்றாண்டோட கடைசியில. ஊர் அவருக்குச் சுமார் 100 வருஷம் மூத்தது! அப்போ அந்தக் கதை எப்படி வந்துச்சு? ஒரு ஊர் ஒருத்தரை ரொம்ப நேசிச்சா, தன் பேரையே அவருக்கு எழுதி வெச்சிடும். இந்து, முஸ்லிம்னு பார்க்காம எல்லாரும் சொல்ற கதை அது. வாட்ஸ்அப்ல யாராவது இதை ஃபார்வர்டு பண்ணா சண்டை போடாதீங்க. தேதி மட்டும் சொல்லுங்க.

காலடிப்பேட்டை. எந்தச் சாமியோட காலடின்னு நானும் சின்ன வயசுல ரொம்ப யோசிச்சிருக்கேன். 1717-ல இருந்து 1720 வரைக்கும் மெட்ராஸ் கவர்னரா இருந்தவர் ஜோசஃப் காலெட். திருவொற்றியூர் பக்கத்துல நெசவாளிங்களுக்காக ஒரு கிராமத்தை உண்டாக்கினார். காலெட்பேட்டை. நம்ம ஜனங்க வாயில அது காலடிப்பேட்டை. கவர்னர் காணாமப் போயிட்டார், நல்ல தமிழ்ப் பேர் நின்னுடுச்சு. இங்க நெய்யறது, வண்ணாரப்பேட்டையில வெளுக்கறது, துறைமுகத்துல கப்பல் ஏத்தறது. நாம இப்போ மெட்ரோவுல போற பாதை, அந்தக் காலத்துல துணி வந்த பாதை.

கடைசியா விம்கோ நகர். விம்கோங்கறது ஒரு கம்பெனியோட சுருக்கப் பேர், வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி. 1923-ல ஸ்வீடன் தீப்பெட்டிக்காரங்க ஆரம்பிச்சது. அவங்க ஃபேக்டரிகள்ல ஒண்ணு இங்க திருவொற்றியூர்ல.

இப்போ ஒரு சவால். தீப்பெட்டியில பாஸ்பரஸ் எங்க இருக்கு? பத்துப் பேர்ல ஒன்பது பேர் குச்சியோட தலையிலன்னு சொல்வாங்க. பெட்டியோட பக்கவாட்டுல, உரசற பட்டையில இருக்கு! அது சிவப்பு பாஸ்பரஸ். குச்சித் தலையில வேற ரசாயனம். ரெண்டும் உரசினாதான் பத்தும். அதனாலதான் இதுக்குப் பேர் சேஃப்டி மேட்ச்.

இந்தப் பாதுகாப்பு யாருக்கு? நமக்கு மட்டும் இல்ல. 19-ஆம் நூற்றாண்டுல குச்சித் தலையிலயே வெள்ளை பாஸ்பரஸ் வெச்சாங்க. எங்க உரசினாலும் பத்தும், வசதி. ஆனா அந்த ஆவியைச் சுவாசிச்ச ஃபேக்டரி தொழிலாளிங்களுக்குத் தாடை எலும்பு அழுகிப் போச்சு. பல்வலியா ஆரம்பிச்சு, சீழ் வெச்சு, தாடையையே எடுக்க வேண்டிய நிலைமை. செத்தவங்களும் உண்டு. 1906-ல பெர்ன் நகரத்துல நாடுகள் கூடி அதைத் தடை பண்ண ஒப்பந்தம் போட்டாங்க. இந்தியாவுல 1913-ல வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சித் தடைச் சட்டம் வந்துச்சு. விம்கோ பொறக்கறதுக்கு 10 வருஷம் முன்னாடி. ஆக, இந்த ஊர்ல தீக்குச்சி செஞ்சவங்களோட தாடையை ஒரு சட்டம் முன்கூட்டியே காப்பாத்தி வெச்சிருந்துச்சு.

ஆனா இப்படிச் சட்டம் கேக்கறதுக்குத் தொழிலாளிங்க ஒண்ணு கூடணுமே? அந்த உரிமையும் இந்தப் பக்கத்துல இருந்து போனதுதான். பெரம்பூர் பக்கம் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்லுங்க இருந்துச்சு, பின்னி கம்பெனியோடது. பி அண்ட் சி மில்னு சொன்னா வீட்டுப் பெரியவங்களுக்கு உடனே தெரியும். 1918 ஏப்ரல் 27-ல சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாச்சு. தலைவர் பி.பி.வாடியா. கூடவே திரு.வி.க. 1920-ல மில்லுல தகராறு முத்தினப்போ கம்பெனி வாடியா மேலயும் மத்தவங்க மேலயும் கேஸ் போட்டுச்சு. தொழிலாளிங்களை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டிட்டாங்க, நஷ்டஈடு வேணும்னு. ஹைகோர்ட்டும் அவங்களுக்கு இடைக்காலத் தடை போட்டுச்சு. கடைசியில வாடியா சங்கத்தை விட்டு விலகறதுங்கற சமரசத்துலதான் அந்த வழக்கு முடிஞ்சுது.

‘வேலைக்குப் போகாதீங்க’ன்னு சொன்னதுக்கு நஷ்டஈடு கட்டணும்னா எந்தச் சங்கம் பிழைக்கும்? அந்த வழக்கோட அதிர்ச்சியிலதான் 1921-ல என்.எம்.ஜோஷி மத்திய சட்டசபையில சங்கங்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தார். 1926-ல தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறிச்சு. தொழில் தகராறுல வேலை ஒப்பந்தத்தை மீறச் சொன்னதா காரணம் காட்டி, பதிவு செஞ்ச சங்கத்து மேல இப்படி நஷ்டஈட்டு வழக்கு போட முடியாதுன்னு அதோட 18-ஆவது பிரிவு சொல்லிச்சு. பதிவுக்கு விண்ணப்பிக்க குறைஞ்சது ஏழு பேர் கையெழுத்து. 2001-ல இன்னொரு நிபந்தனை சேர்த்தாங்க. அந்த இடத்துல வேலை செய்யறவங்கள்ல நூத்துக்குப் பத்து பேர், இல்லன்னா 100 பேர், எது குறைவோ அத்தனை உறுப்பினர் வேணும். 2020-ல நிறைவேறின தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அந்தப் பழைய சட்டத்தைத் தனக்குள்ள எடுத்துக்கிச்சு, ஏழுங்கற எண் அதுலயும் இருக்கு. ஐ.டி. கம்பெனியில வேலை பார்க்கறவங்க ‘சங்கம் எல்லாம் எங்களுக்கு இல்ல பாஸ்’னு நினைக்கறாங்க. ஐ.டி. கம்பெனிக்குள்ள சங்கம் வைக்கக்கூடாதுன்னு சட்டம் எங்கயும் சொல்லல.

ஃபேக்டரின்னா கையும் விரலும் போற இடம். இதே ஸ்டான்லி ஆஸ்பத்திரியில கை அறுவை சிகிச்சைக்குன்னே தனித் துறை வளர்ந்ததுல ஆச்சரியம் இல்ல, பேராசிரியர் வெங்கடசாமி அதுக்கு அடித்தளம் போட்டவர். விரல் துண்டாப் போச்சுன்னா பலபேர் அதை நேரா ஐஸ்ல போட்டுக் கொண்டு போறாங்க. அப்படிப் பண்ணக் கூடாது. ஐஸ் நேரடியாப் பட்டா சதை உறைஞ்சு கெட்டுடும். சுத்தமான ஈரத் துணியில சுத்தி, பிளாஸ்டிக் பையில போட்டு இறுக்கிக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணிக்குள்ள வைக்கணும். இது ஒண்ணைத் தெரிஞ்சு வெச்சிருந்தா ஒருத்தரோட விரல் அவர்கிட்டயே திரும்பி வரலாம்.

இத்தனை நேரம் பேர் பேர்னு பேசினேன். உங்க பேரைச் சொல்லவே வேண்டாத ஒரு இடத்தையும் சொல்லிடறேன்.

திருவொற்றியூர் ஹைரோடு, எண்ணூர் ரோடு. கன்டெய்னர் லாரி வரிசையா நிக்கும், இடுக்குல டூ வீலர் போகும். நம்ம கண்ணு முன்னாடியே ஒருத்தர் விழறார். கூட்டம் கூடும், வீடியோ எடுப்பாங்க, தூக்க மாட்டாங்க. போலீஸ், கேஸ், கோர்ட்னு அலையணுமேன்னு பயம். 1989-ல பர்மானந்த் கட்டாரா வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு: அரசு டாக்டரோ பிரைவேட் டாக்டரோ, அடிபட்டவரைக் காப்பாத்தறதுதான் முதல் வேலை, போலீஸ் சடங்கெல்லாம் அப்புறம். 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்துல 134ஏ-ங்கற பிரிவு சேர்ந்துச்சு. நல்ல மனசோட உதவின ஒருத்தர் மேல, அந்த உதவியில ஏதாவது தப்பு நடந்திருந்தாக்கூட வழக்கு போட முடியாது. அவர் தன் பேரையோ அட்ரஸையோ சொல்லணும்னு யாரும் கட்டாயப்படுத்தவும் முடியாது. தமிழ்நாட்டுல 2021 டிசம்பர்ல இருந்து ‘நம்மைக் காக்கும் 48’ திட்டமும் இருக்கு. விபத்து நடந்து முதல் 48 மணி நேர அவசர சிகிச்சைக்கு, வரம்புக்கு உட்பட்டு, செலவை அரசு ஏத்துக்கும். அவர் எந்த ஊர்க்காரரா இருந்தாலும் சரி.

அதனால அடுத்த தடவை ரோட்டுல யாராவது விழுந்தா 108-க்கு அடிங்க, ஆஸ்பத்திரியில சேருங்க, கிளம்பி வாங்க. ‘நீங்க யாரு’ன்னு கேட்டா பதில் சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்.

உங்க ஏரியா பேருக்குள்ளயும் இப்படி ஏதாவது ஒளிஞ்சிருந்தா எழுதி அனுப்புங்க. தேதி சரியா இருக்கான்னு சேர்ந்து பார்த்துடலாம்.